முல்லைத்தீவுக் கரையில் வீட்டு விலை: கேட்கிற காசு எதற்கு, எதைப் பார்த்துக் கொடுப்பது

கள்ளப்பாட்டிலோ சிலாவத்தையிலோ அளம்பிலிலோ ஒரு வீடு விலைக்கு வருகிறது. இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, முன்விறாந்தை. கொஞ்சம் தள்ளி அதே அளவில் இன்னொரு வீடும் நிற்கிறது, கேட்கிற காசு இரண்டு மடங்கு. ஏன் என்று விசாரித்தால் ஒருவர் கடல் கிட்ட என்பார், இன்னொருவர் வட்டுவாகலில் புதுப் பாலம் வருகிறது என்பார், மற்றவர் வெளிநாட்டுக்காரர் வந்து விலையைக் கெடுத்துப்போட்டினம் என்பார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வன்னிக் கரையில் விலையை மற்ற எல்லாவற்றையும் விட ஏற்றி இறக்குவது காணியின் பத்திரம். வீடு எத்தனை வருசம் நிற்கும் என்பதோ, சுவருக்குள்ளும் பிளாற்றுக்குள்ளும் (கொங்கிறீற்றுத் தட்டு) இருக்கிற கம்பிக்கு உப்பு எவ்வளவு கெதியாகப் போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது. புதுசாகப் பெயின்ற் அடித்த சுவரைப் பார்த்து இந்த இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் இந்தக் கட்டுரை.

எந்த விலையைச் சொல்கிறார்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே ஒரே வீட்டுக்கு மூன்று விலை இருக்கும்.

1. கேட்கிற விலை. விளம்பரத்திலும் தரகர் வாயிலும் வருவது. ஒரு ஊரில் வருசத்துக்கு ஒரு சில வீடுகள்தான் கைமாறும் என்கிறபோது, அப்படிக் கைமாறிய ஒன்றை வைத்து மற்ற எல்லோரும் தங்கள் வீட்டுக்கு விலை சொல்வார்கள். அந்த ஒன்றை அவசரப்பட்டு வாங்கியவர் யார், என்ன காரணத்துக்கு வாங்கினார் என்பது யாருக்கும் தெரியாது.

2. உறுதியில், அதாவது விற்பனைப் பத்திரத்தில், எழுதுகிற விலை. கைமாற்றத்துக்கு முத்திரை வரி உண்டு, முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்கப் பலர் விலையைக் குறைத்து எழுதுகிறார்கள். ஆகவே காணிப் பதிவகத்தில் தேடி, பக்கத்துக் காணி இவ்வளவுக்குத்தானே போயிருக்கிறது என்று வாதாடினால் விற்பவர் சிரிப்பார்.

3. வங்கிக்கான மதிப்பீடு. மதிப்பீட்டாளர் அறிக்கையில் சந்தைப் பெறுமதி, அவசரத்தில் விற்றால் வரக்கூடிய பெறுமதி என்று இரண்டு தொகை இருக்கும். இரண்டாவது தொகை எப்போதும் குறைவு. பேரம் பேசுகிறவர்கள் பொதுவாக முதலாவதைத்தான் கேட்கிறார்கள், நான் சொல்வேன் இரண்டாவதையும் கேளுங்கள் என்று.

இதற்கு மேலே ரூபாயின் சரிவு. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. கனடாவிலோ லண்டனிலோ உழைக்கிறவருக்கு அதே வீடு ஒரே இரவில் மலிந்தது மாதிரி, இங்கே சம்பளம் எடுக்கிறவருக்கு அது எட்டாத உயரத்துக்குப் போனது. சீமெந்துப் பை ஒன்று அதே வருசம் மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. பிறகு விலை இறங்கினாலும், அந்தக் காலத்தில் கட்டினவர் தான் செலவழித்த கணக்கை மறக்க மாட்டார். அவர் கேட்கிற விலையில் அந்த வருசத்துச் சீமெந்து இருக்கிறது. அவருடைய செலவு வாங்குபவருக்குப் பெறுமதி ஆகாது, அது வேறு இது வேறு.

பத்திரம்: விலையின் பெரிய பங்கு இதில்தான்

வன்னியில் பெரும்பாலான குடியிருப்புக் காணிகள் அரச காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. ஆகவே காணி என்றால் மூன்று வகை வரும், மூன்றுக்கும் விலை வேறு.

1. உறுதிக் காணி. நொத்தாரிசு முன்னால் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்தது. வாங்கலாம், விற்கலாம், ஈடு வைக்கலாம்.

2. அளிப்புக் காணி, சனம் கிறான்ற் என்று சொல்வது. உரிமை பலமானதுதான், ஆனால் கைமாற்றப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு.

3. பேர்மிற் காணி, அதாவது அனுமதிப்பத்திரம். இதில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளரை நியமிக்கலாம். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. வெள்ளைத் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவரைச் சாட்சிக்கு வைத்து, காசையும் எண்ணிக் கொடுத்தாலும் செல்லாது.

இரண்டு மடங்கு விலை வித்தியாசத்துக்கு முதல் விளக்கம் இதில்தான் தேட வேண்டும். மலிவாக இருக்கிற வீடு பேர்மிற் காணியில் நிற்கலாம், அப்படியென்றால் அது மலிவே இல்லை, வங்கி கடன் தராது, நாளைக்கு நீங்கள் விற்கவும் முடியாது. 2024இல் உறுமய திட்டத்தின் கீழ் பேர்மிற்காரருக்கு முழு உரிமைப் பத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதைச் சொல்லி, எங்களுக்கும் வரும் என்று உறுதிக் காணி விலை கேட்பவர்கள் உண்டு. வந்த பிறகு அந்த விலை கொடுக்கலாம்.

அப்புறம் அந்த வர்த்தமானி. 2025 மார்ச் 28இல் வெளியானது, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரி நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அரச காணியாகும் என்ற அர்த்தத்தில். முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் அதில் 1,700 ஏக்கர் அளவு. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பிறகு அரசாங்கம் அதை மீளப்பெற்றது. சரி, போய்விட்டது. ஆனால் அது ஒன்றைக் காட்டியது: இடம்பெயர்ந்த, உறுதி தொலைந்த, சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிற கரையோரக் காணிகளின் உரிமை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை. பத்திரம் சரியாக உள்ள காணிக்கு இனிக் கூடுதல் விலை கேட்பார்கள், அது நியாயம்தான்.

உறுதி இருந்தாலும் பார்க்க வேண்டிய மூன்று சங்கதி:

1. தோம்பு, அதாவது காணியின் பதிவேட்டு விபரம். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருசத்துக்கு எடுத்துப் பாருங்கள். ஈடு, வழக்கு, பிரிபடாத பங்கு எல்லாம் அதில்தான் தெரியும். பத்து வருசத்துக்கு மேல் வேறொருவர் குடியிருக்கிற காணி என்றால் ஆட்சியுரிமை வழக்கு வரலாம், ஆகவே தோம்போடு காணியில் யார் நிற்கிறார் என்பதையும் நேரில் பார்க்க வேண்டும்.

2. தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்கச் சட்டம். அது பொருந்துகிற காணியென்றால் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்குகிற உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் வாங்கினால் பிறகு வழக்காகும். மனைவியின் சீதனக் காணியை அவர் தனியாக விற்க முடியாது, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இது நியாயமா என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது, சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

3. வாங்குபவரின் குடியுரிமை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. அது இல்லாமல் மச்சான் பெயரில் வாங்கி வைக்கிறவர்கள், காணி சட்டப்படி மச்சானுடையது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்கட்டும்.

கடல் கிட்ட என்றால் கூட விலையா, குறைந்த விலையா?

தெற்குக் கரையில் கடல் தெரிகிற காணிக்கு விலை ஏறும், ஹோட்டல் வரும். முல்லைத்தீவில் அப்படி அப்படியே சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை வழித்தெடுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், தெற்கில் 100 மீற்றர், பின்னர் தளர்த்தினார்கள். அந்தத் தடை போனாலும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுவதற்குப் பிரதேச சபை அனுமதியோடு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கடலோடு தொடுக்கிற களப்புகளின் பக்கத்திலும் வலயம் உள்ளே வரும், ஆகவே நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஓரத்தில் வாங்குகிறவர் கடல் தூரமாகத்தானே இருக்கிறது என்று நினைத்து ஏமாறக்கூடாது. களப்பு ஓரத்தில் வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக் கல்லும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அனுமதி இல்லாமல் கட்டிய வீடு விலைக்கு வந்தால் நீங்கள் வாங்குவது சுவரையும் கூரையையும் அதோடு ஒரு தலையிடியையும்.

காற்றையும் பார்க்க வேண்டும். முல்லைத்தீவுக் கரை கிழக்கே பார்க்கிறது, வாடைக்காலத்தில் அலையின் தூவானம் நேரே வீட்டுக்குள் வரும். மன்னார்ப் பக்கம் சிலாவத்துறை மாதிரி மேற்கே பார்க்கிற கரை சோளகத்தில், அதாவது தென்மேல் காற்றில், வாங்கும். ஒரே தூரத்தில் உள்ள இரண்டு வீட்டில், முன்னால் பனங்கூடலோ சவுக்கோ நிற்கிற வீட்டின் யன்னல் கிராதி நல்லாக இருக்கும், வெட்டையில் நிற்கிறதன் கிராதி கையில் உதிரும்.

உப்பு கம்பியைத் தின்கிற விதம்

இதை விளங்கிக்கொண்டால் கட்டினவரின் தரத்தை அளப்பது சுலபம். நல்ல கொங்கிறீற் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரம் கம்பியின் மேல் மிக மெல்லிய ஒரு காப்புப் படையை உண்டாக்கி வைத்திருக்கும், அது இருக்கிற வரை துரு பிடிக்காது. உப்பிலுள்ள குளோரைட்டு போய்ச் சேர்ந்தால் அந்தப் படை உடையும். துரு பிடித்த கம்பி இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், இடம் இல்லாததால் சுற்றியுள்ள கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும், வெடிப்பால் இன்னும் உப்பும் ஈரமும் உள்ளே போகும். தொடங்கிவிட்டால் மேலே பூசி நிறுத்த முடியாது.

உப்பு மூன்று வழியாக வரும். கடற்கரை மணல், உவர்க் கிணற்றுத் தண்ணீர், காற்று. முதல் இரண்டும் கட்டினவரின் கையில் இருந்தவை, மூன்றாவதைத் தடுப்பது கம்பிக்கு வெளியே உள்ள கொங்கிறீற்றின் கனம். கடலோரத்தில் வெளியே நிற்கிற தூணுக்கும் பீமுக்கும் 50 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அங்குல மறைப்பு வேண்டும். நடைமுறையில் பலகைக்கு மேலே கம்பியை அப்படியே வைத்துக் கொங்கிறீற் போடுகிறார்கள், மேலே நடக்க நடக்கக் கம்பி இன்னும் கீழே இறங்கும், கடைசியில் அரை அங்குலம்கூட இல்லை. கம்பிக்குக் கீழே வைக்கிற சின்னச் சீமெந்துக் கட்டைக்கு ஆகிற செலவு சொற்பம். அதை வைத்தாரா இல்லையா என்பதில் வீட்டுக்குப் பத்து இருபது வருசம் கூடும் குறையும்.

அடுத்தது தண்ணீர். கலவை இளகினால் வேலை சுகம் என்று மேசன்மார் வாளி வாளியாக ஊற்றுவார்கள், காய்ந்த பிறகு அந்தத் தண்ணீர் இருந்த இடமெல்லாம் நுண்துளை, உப்புக்குப் பாதை. போட்ட பிறகோ தண்ணீர் போதாது, ஒரு கிழமையாவது நனைத்து வைத்திருக்க வேண்டியதை இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். போடும்போது அளந்து, போட்ட பிறகு தாராளமாக. நடப்பது நேர்மாறு.

யார், எப்போது கட்டியது?

விலைக்கு வருகிற பல வீடுகள் 2012க்குப் பிறகு எழும்பியவை. இந்திய வீட்டுத் திட்டம் மொத்தம் 50,000 வீடு, வடக்குக் கிழக்கில் பெரும்பாலானவை வீட்டுக்காரரே கட்டிக்கொள்கிற முறையில். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக, சுமார் 550 சதுர அடி. முறை நல்ல முறை, சொந்த வீடு என்பதால் சனம் கவனமாகக் கட்டினது, கடன்பட்டும் கட்டினது. ஆனால் ஆயிரக்கணக்கான வீடு ஒரே நேரத்தில் எழும்பும்போது கைதேர்ந்த மேசனும் நல்ல மணலும் எல்லோருக்கும் கிடைக்காது. ஆகவே இந்தத் திட்ட வீடு என்ற பெயரை வைத்து நல்லது கெட்டது சொல்ல வேண்டாம், ஒவ்வொன்றும் தனி. அதோடு அந்தக் காணிகளில் பல பேர்மிற் காணிகள், மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

மற்றப் பக்கத்தில் 2016இல் பேசப்பட்ட 65,000 இரும்பு வீடுகள். ஒன்று 21 இலட்சம் என்றார்கள். கடலோர ஈரத்தில் துரு, வெக்கை, அத்திவாரம், திருத்துவதற்கு உள்ளூரில் ஆள் இல்லாமை என்று பொறியியலாளர்கள் அடுக்கடுக்காகக் கேட்டார்கள், திட்டம் அப்படியே நடைபெறவில்லை. இன்றைக்கு யாராவது பொருத்து வீடு, மூன்று மாதத்தில் திறப்பு என்று வந்தால் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

வீட்டைப் பார்க்கும்போது

வெளிநாட்டில் உள்ளவர்கள் வற்றாப்பளைப் பொங்கலுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வரும்போது வீடு பார்க்கிறார்கள். வைகாசியிலும் ஆவணியிலும் எந்தக் கூரையும் ஒழுகாது. கார்த்திகை, மார்கழியில் ஒரு தடவை யாரையாவது அனுப்பி வாசலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று படம் எடுப்பியுங்கள். பிறகு:

1. பிளாற்றின் அடிப்பக்கம். கம்பி போகிற நேர்க்கோட்டில் மண்ணிறக் கறையோ மயிர்வெடிப்போ இருக்கிறதா? சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கழன்றுவிட்டது. கடல் பக்கத்து லின்ரலும் குளியலறைப் பிளாற்றும்தான் முதலில் போகும்.

2. சுவரின் அடி மூன்று அடி. வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. அந்த மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால், அல்லது வீடு பழசாக இருக்க மண்டபத்தில் இடுப்பளவுக்குப் புதுசாக மாபிள் ஒட்டியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

3. ஒட்டுமூட்டு. பழைய வீட்டோடு பிறகு கட்டிய குசினியும் விறாந்தையும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழ் ஒரு வெடிப்பு வரும். நேராக, ஒரே அகலத்தில் இருந்தால் பெரிய பயம் இல்லை, இரண்டு அத்திவாரமும் தனித்தனியாக இருப்பதால் வருவது அது. யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரிச் சரிந்து, மேலே அகலமாகப் போகிற வெடிப்புத்தான் அத்திவாரம் இறங்கியதைச் சொல்கிறது.

4. சீமெந்துக் கல். பூசாத மதிலோ கக்கூசின் பின்சுவரோ இருக்கும், அதை ஆணியால் கீறுங்கள். மா மாதிரி உதிர்ந்தால் ஒரு பை சீமெந்துக்கு அளவுக்கு மிஞ்சிக் கல் அரிந்திருக்கிறார்கள்.

5. மரம். பாலை, முதிரை நிலை என்றால் சந்தோசம். கூரைக்கு வயிரம் பாய்ந்த பனையா, இளம் பனையா என்று ஓடாவி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பது நல்லது. அமானோ சீற் (தகரக் கூரை) என்றால் ஆணி அடித்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

6. கிணறு. கரையோர மணலில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உவர் மேலே வரும். ஒரு மணித்தியாலம் இறைக்கச் சொல்லிவிட்டு அதன் பிறகு ருசி பாருங்கள். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பது அடியாவது இருக்க வேண்டும், சின்னக் காணியில் பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து அளக்க வேண்டும்.

புதுசாகக் கட்டுவிப்பது என்றால்

கொன்ராக்ற் இரண்டு விதம். கூலிக்கு மட்டும், சாமான் நீங்கள் வாங்கிக் கொடுப்பது. இல்லாவிட்டால் சாமானோடு, சதுர அடிக்கு இவ்வளவு. இரண்டாவதில் தொகையைக் கேட்க முதல் சதுர அடியில் எது சேர்த்தி என்று கேளுங்கள்: விறாந்தை முழுசாகக் கணக்கா, மலக்குழி, கிணறு, மின் இணைப்பு, மதில் உள்ளேயா வெளியேயா. மலிவான விலை பெரும்பாலும் இந்த வெளியே விட்ட பட்டியலால் வருகிறது.

பெரிய நிறுவனம் என்றால் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபைப் பதிவைக் கேட்கலாம், சி1 முதல் சி9 வரை தரம் உண்டு, எண் கூடக் கூட வேலையின் அளவு சின்னது. ஊரில் கட்டுகிற பெரும்பாலானவருக்கு அது இருக்காது, அதற்காக அவர் கெட்டவர் என்றும் இல்லை. அவர் ஐந்தாறு வருசத்துக்கு முதல் கடலோரத்தில் கட்டின வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன மாசம் முடித்த வீட்டைத்தான் காட்டுவேன் என்றால் யோசிக்க வேண்டும், புது வீடு எல்லாமே வடிவுதான்.

வெளிநாட்டிலிருந்து கட்டுவிப்பவர் வட்ஸ்அப்பில் கேட்க வேண்டிய படம் ஒன்று இருக்கிறது: பிளாற் போடுவதற்கு முதல்நாள், கட்டிய கம்பிக்கும் பலகைக்கும் இடையே அளவு நாடாவை வைத்து எடுத்த படம். அது வராமல் அடுத்த பகுதிக் காசை அனுப்பாதீர்கள். மொத்தத் தொகையில் ஐந்து வீதத்தை ஒரு மாரி கழியும் வரை வைத்திருப்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

கணக்குப் போடும் விதம்

கணக்கு விளங்குவதற்காக மட்டும் வட்டமான எண்களை எடுப்போம், இவை சந்தை விலை அல்ல. 900 சதுர அடி வீடு, இன்றைக்குக் கட்டினால் சதுர அடி 10,000 ரூபாய், மொத்தம் 90 இலட்சம். வயது 12 வருசம். கடலோரத்தில் 40 வருசம் நிற்கும் என்று எடுத்தால் 30 வீதம் தேய்ந்துவிட்டது, மிச்சம் 63 இலட்சம். பிளாற் திருத்த 10 இலட்சம் போகும் என்றால் 53. காணி கால் ஏக்கர், அதாவது நாலு பரப்பு, உறுதியோடு பரப்பு 5 இலட்சம் வீதம் 20 இலட்சம். கூட்டினால் 73 இலட்சம்.

கேட்கிற விலை ஒரு கோடி 30 இலட்சம் என்றால் வித்தியாசம் 57 இலட்சம். இது எதற்கு என்று விற்பவரையே சொல்ல வைக்க வேண்டும். வட்டுவாகல் பாலம் என்பார், புதுப் பாலத்துக்கான வேலை 2025இல் தொடங்கியது உண்மை, பரந்தன் றோட்டால் போக்குவரத்து சுகமாகும், அதற்கு ஏதோ ஒரு பெறுமதி இருக்கிறது, ஆனால் பாலத்தின் முழு லாபத்தையும் விற்பவருக்கே முற்பணமாகக் கட்டிவிட்டு வாங்குவதில் உங்களுக்கு என்ன மிச்சம்? காணி பேர்மிற் என்றால் அந்த 20 இலட்சத்தையும் அழித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். வீட்டின் 53 இலட்சமும் அப்போது பாதுகாப்பானது இல்லை, ஏனென்றால் அது நிற்பது கைமாற்ற முடியாத நிலத்தில்.

முற்பணம் கேட்டு அவசரப்படுத்துவார்கள், கனடாவிலிருந்து ஒருவர் நாளைக்கே எடுக்கப் போகிறார் என்பார்கள். தோம்பும் நில அளவைப் படமும் கரையோர அனுமதியும் நொத்தாரிசின் மேசைக்கு வந்த பிறகு, விற்பனை உடன்படிக்கை எழுதி, அதில் பத்திரம் பிழைத்தால் காசு திரும்ப வரும் திகதியையும் போட்டுக் கொடுங்கள். விற்பவர் அற்றோணித் தத்துவத்தில் (சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) கையெழுத்து வைக்கிறவர் என்றால் அந்தத் தத்துவம் பதியப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் அதே மேசையில் கேட்டுவிடுங்கள். அவர் இறந்திருந்தால் அந்தக் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை.